பத்து பெருசா, நாலு பெருசா?

ஈர ரப்பர் வாசனை...

திருமுடிவாக்கத்தில் எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். கொடியில் டைவிங் சூட்டுகள் தலைகீழாகத் தொங்கும். பக்கத்து லேத் பட்டறையின் ஆயில் நாற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். தாம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போன என் முதல் கம்பெனி அது. அணை, பாலம், துறைமுகம் என்று தண்ணீருக்கு அடியில் ரிப்பேர் பார்க்கும் சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி. நான் ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட்.

ஒருநாள் வடக்கே மலைப்பக்கம் ஒரு அணையில் வேலை வந்தது. கதவு சரியாக மூடவில்லை, ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நாலு டிகிரி! நம் ஊர் மார்கழிக்கே மப்ளர் தேடுகிறவர்கள் நாம்.

இறங்கப் போவது எட்வின் அண்ணன். அஸ்தினாபுரம்காரர், எங்கள் கம்பெனியிலேயே நிதானமான டைவர். அவர் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கீதா, ரெகுலேட்டர் மட்டும் குளுருக்குன்னே செஞ்சது வேணும்மா. இங்க கீறது அங்க உறைஞ்சு பூடும்."

ரெகுலேட்டர் என்றதும் கேஸ் அடுப்பும் ஃபேனும் ஞாபகம் வரும். இது டைவர் வாயில் கடித்துக்கொள்வது. சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை மூச்சுவிடும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது. காற்று அப்படி விரியும்போது ஜில்லென்று ஆகும். டீக்கடை சிலிண்டரின் அடியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்குமே, அதேதான். வெளியே தண்ணீரும் நாலு டிகிரி என்றால் ரெகுலேட்டருக்குள் ஐஸ் கட்டிவிடும். திறந்த வால்வு மூடாது. காற்று மொத்தமும் சில நிமிடத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் உள்ளே தண்ணீர் புகாதபடி சீல் செய்த மாடல் வேண்டும். இதையெல்லாம் பர்ச்சேஸுக்குப் போகும் இண்டெண்ட் சீட்டில் தெளிவாக எழுதி, '4 டிகிரி' என்பதற்கு அடிக்கோடும் போட்டு அனுப்பினேன்.

வந்தது வேறு.

பாக்ஸைப் பிரித்ததும் மெட்டலில் பொடி எழுத்தில் '>10°C' என்று குத்தியிருந்ததைப் பார்த்தேன். நேராக பர்ச்சேஸ் மேனேஜர் வரதன் சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், இது தண்ணி பத்து டிகிரிக்கு மேல இருந்தாதான் சார். நாம கேட்டது நாலு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"இங்க பாரும்மா. பத்து பெருசா, நாலு பெருசா? மூணு ஹெச்பி மோட்டார் கேட்டா அஞ்சு ஹெச்பி வாங்கிக் குடுக்கற ஆளு நான். பத்துக்கு மேலயே தாங்கும்னு அவனே போட்டிருக்கான். சந்தோஷப்படாம என்ன நொட்டை சொல்லிட்டு நிக்கற?"

இருபது வருஷம் மோட்டாரும் பம்பும் வாங்கியவர். நம்பர் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது, அவ்வளவுதான் அவருக்கு. கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதிலாக, மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வரவழைத்து, நீல டிரம்மில் கொட்டி, அதற்குள் ரெகுலேட்டரை முக்கியெடுத்து, எல்லோர் முன்னாலும் அவரே வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்துக் காட்டினார்!

"பாத்தீங்களா? ஜம்முனு வருது!"

ஷெட்டே கைதட்டியது. தரையில் நின்று இரண்டு மூச்சு இழுப்பதும், அறுபது அடி ஆழத்தில் அரை மணி நேரம் வேலை செய்வதும் ஒன்றா? அதை நான் சத்தம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரக்கு சரி என்று ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டேன். அதை நம்பித்தான் எட்வின் அண்ணன் எடுத்துப்போனார். அந்தக் கோபம் முழுக்க என் மேல்தான்.

அணையில் எட்வின் அண்ணன் இறங்கிய முதல் நாளே அது நடந்தது. கதவுக்குப் பக்கத்தில், அடி ஆழத்தில், ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்ட ஆரம்பித்தது. கண்ணெதிரே குமிழி தவிர ஒன்றும் தெரியவில்லையாம். அவர் அதை வாயிலிருந்து பிடுங்கி எறியவில்லை. கொட்டுகிற காற்றை உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, அவசரப்படாமல் மேலே வந்தார். வந்தபோது மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

பிறகு வரதன் சார் எழுதிய ரிப்போர்ட் வந்தது. டைப் செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். 'உபகரணம் தேவைக்கும் அதிகத் தரமானது. டைவர் பயந்து வேகமாக மூச்சு விட்டதால் காற்று தீர்ந்தது.'

பயந்தாராம்!

"சார், இது பொய்" என்றேன். வரதன் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ டைவரா? டைப் பண்ணு" என்றார். நான் டைப் செய்யவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டேன். அதனால் என்ன? வேறு யாரோ டைப் செய்தார்கள்.

இப்போது கையிலிருக்கும் போனிலேயே எல்லாம் இருக்கிறது. 'எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள், எத்தனை டிகிரி?' என்று கடைக்காரரே கேட்கிறார். குளிர் நீருக்கானது தனி வரிசையில் இருக்கிறது. வார விடுமுறையில் ஜாலியாக டைவ் அடிக்கப் போகிற பிள்ளைகள்கூட விவரமாகக் கேட்டு வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பிழைப்புக்காக இறங்கிய மனிதருக்கு அன்று ஒரு போன் கால் செலவழிக்க ஆள் இல்லையே.

வரதன் சார் ரிட்டையர் ஆகிவிட்டார். பழைய ஸ்டாஃப் குரூப்பில் தினமும் பூ படத்தோடு 'சேஃப்டி ஃபர்ஸ்ட், குட் மார்னிங்' அனுப்புகிறார்.

எட்வின் அண்ணனை அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் தண்ணீரில் இறக்கவில்லை. பயந்த டைவரை யார் எடுப்பார்கள்? படப்பை பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

இதை எழுதலாமா என்று கேட்க நேற்று அவருக்கு போன் செய்தேன்.

"தாராளமா எழுதிக்கோம்மா. பேரு கூட போட்டுக்கோ" என்றார். நான் போனை வைக்கப் போனேன். மறுபடியும் அவர் குரல் வந்தது.

"அன்னிக்கு நான் பயந்துக்கல கீதா. அத்த மட்டும் கரீட்டா எழுதிடு."