பட்டாள லாரியும் அண்ணன் காலும்

துருவைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்பக்கத்துக் காலி மனையில் ஒரு பழைய பட்டாள லாரி எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய கதவு, இந்த ஞாயிறு மறுபடி சிவந்து கிடக்கும். தூத்துக்குடிக் காற்றில் பழைய இரும்பை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவனுக்குக் கொஞ்சம் மூளை குறைவு என்றுதான் அர்த்தம். அந்தக் குறை எனக்கு உண்டு. என் மனைவி இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வாள்.

லாரியை முதலில் ஓர் உப்பளத்தில்தான் பார்த்தேன். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து உப்பு ஏற்ற விடுவார்கள். ஓடும் வரைக்கும் ஓட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இது பாத்தி ஓரத்தில் ஒரு சக்கரம் புதைந்து சாய்ந்து நின்றது. போனட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எஞ்சின் இல்லை, ஓர் ஓணான்தான் உட்கார்ந்திருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் என்று சொல்வார்களே, நான் ஓணானோடு சேர்த்து லாரியையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

எஞ்சின் எங்கே என்று உப்பளத்துக் காவல்காரரிடம் கேட்டதற்கு, "அது கடலுக்குப் போயிட்டுல்லா அண்ணாச்சி" என்றார். எங்கள் பக்கம் இது சாதாரணம். லாரி செத்தாலும் எஞ்சினைச் சாக விடமாட்டார்கள். விசைப்படகில் ஏற்றிவிடுவார்கள். விசாரித்துக்கொண்டே போனதில் என் லாரியின் எஞ்சின் தருவைகுளத்தில் ஒரு படகில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வேறு எஞ்சின் எதையாவது மாட்டி ஓட்டலாம்தான். ஆனால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் வேண்டும். படகுக்காரரோ கொடுக்க மாட்டேன் என்றார். அவர் சோறு அதில் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. நான் கதவைத் தேய்ப்பதும் காற்று அதைச் சிவப்பாக்குவதுமாக இருந்தோம்.

என் அண்ணன் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவன். இதே மாதிரி லாரியை மலைப்பாதைகளில் ஓட்டியவன். ஓய்வு பெற்று, ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் லாரி வாங்கியதைக் கேள்விப்பட்டு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏலே, அவனவன் பட்டாளத்த விட்டாப் போதும்னு ஓடி வாரான். நீ அத வெல குடுத்து வாங்கி வீட்டுக்குப் பின்னால கட்டிப் போட்டிருக்க."

பட்டாளப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாதாம், அதனால் படகுக்கு அடிக்கிற நீலம் அடிக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தான். போகும்போது மட்டும் ஸ்டியரிங்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு அவன் காலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு. வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை. விரல் கறுத்தது, பக்கத்து விரலும் கறுத்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். நானும் மதினியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். இப்போது கணுக்காலோடு எடுத்துவிட்டால் நல்லது. தள்ளிப் போட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். அதற்கும் மேலே தள்ளினால் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

அண்ணன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எடுத்துக்கிடுங்கம்மா, வேண்டாங்கல. தம்பி ஒரு வண்டி வச்சிருக்கான். அது ஓடட்டும். ஒரு தடவ மிதிச்சுட்டு வந்து படுத்துக்கிடுதேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்து அவனோடு சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினேன். "ஒனக்குப் புத்தி பெரண்டுட்டாண்ணே? அது எஞ்சினே இல்லாத வண்டி." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தக் காலு சம்பாதிச்ச சோத்தத்தாம்லே நம்ம வீட்ல எல்லாரும் தின்னோம். நீ படிச்சதும் அதுலதான். அத வெறுங்கையோட அனுப்பக் கூடாது. அதுக்குத் தெரிஞ்ச வேலைய ஒரு தடவ குடுத்து அனுப்பணும்லா" என்றான். அவனோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மதினி காரில் ஏறும் முன் என்னைத் தனியே கூப்பிட்டாள். "தம்பி, ஒங்க அண்ணன் யாரு சொல்லியும் கேக்க மாட்டாவ. அந்த வண்டிய ஓட வைங்க, இல்லன்னா ஒடச்சுப் போடுங்க. ரெண்டுல ஒண்ணச் சீக்கிரமாச் செய்யுங்க" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் கிடக்கும், எஞ்சின் வேலைகளை எல்லோரும் அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள். தருவைகுளத்துக்குப் போய்ப் படகுக்காரரிடம் அண்ணன் கதையைச் சொன்னேன். பதிலுக்கு ஒரு நல்ல எஞ்சினும் தருவதாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். "நல்ல எஞ்சின் அண்ணாச்சி. நடுக்கடல்ல ஒரு நாள் என்னயக் கைவிட்டதில்ல" என்றார். கப்பியில் கட்டித் தூக்குவதற்கு முன் அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தூத்துக்குடியில் இருக்கிற லாரி மெக்கானிக்குகள் ஒருவரும் இந்த எஞ்சினைத் தொடத் தயாராக இல்லை. சாமான் கிடைக்காது, வேலை இழுத்துக்கொண்டு போகும் என்றார்கள். கடைசியில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு படகு மெக்கானிக்கைப் பிடித்தேன். வாழ்நாளெல்லாம் படகிலேயே வேலை பார்த்தவர். "எஞ்சின் எங்கன இருந்தா என்ன அண்ணாச்சி, எஞ்சின் எஞ்சின்தான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே பாதியை அரித்திருந்தது. அவர் சுரண்டினார், அடைத்தார், கடைசல் பட்டறைக்குக் கொண்டு போனார், திரும்பக் கொண்டு வந்தார். நான் ஷிப்டுக்கும் மனைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். கிரேன் கேபினில் உட்கார்ந்தால் கண் சொருகும். கையிலிருந்த கிரீஸ் சாப்பாட்டிலும் வாடை அடித்தது. தினமும் சாயங்காலம் மதினி போன் செய்வாள். விரல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன், எஞ்சின் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். இரண்டு பேருக்கும் நல்ல பதில் இருக்காது. கறுப்பு பாதத்தின் மேல்பக்கம் ஏறிவிட்டது என்று ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். மெக்கானிக் போய் எடுத்து வந்து துடைத்து வைத்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

எனக்கு லாரி மேல் இருந்த ஆசையெல்லாம் அப்போதே வற்றிவிட்டது. ஓடினால் போதும், ஒரு தடவை அவன் மிதித்தால் போதும், பிறகு இந்தச் சவத்தைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று இருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதைதான்.

ஒரு காலையில் மெக்கானிக், "இன்னைக்குப் போட்டுப் பாத்துருவோம்" என்றார். நான் உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. மனையே நடுங்கியது. கறுப்புப் புகை முருங்கை மரத்தை மூடியது. நான் போனை போனட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் மெல்லிசாகக் கேட்டது. "அப்படியே வைலே. எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம்."

நான் வைத்துக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு டீசல் ஸ்குருவைத் திருகிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தான். ஊரில் கட்டிலில் கிடந்துகொண்டு போனில் கேட்டவன்.

"ஏலே, சத்தம் மாறுது. அண. அணலே."

நான் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்துவதற்குள் உள்ளே ஏதோ இறுக்கிப் பிடித்தது. ஒரு பெரிய முனகல். அதோடு நின்றுவிட்டது. எஞ்சின் மேலிருந்து பெயின்ட் கருகுகிற வாடை வந்தது.

ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. ரேடியேட்டரை மாட்டியவர் அவர்தான், குழாய்களை இறுக்கியவரும் அவர்தான். தண்ணீர் ஊற்றவில்லை. படகில் வால்வைத் திறந்துவிட்டால் போதும், எஞ்சின் ஓட ஓடக் கடலை உறிஞ்சிக் குளிர்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றுவது என்கிற ஒரு வேலையே அவர் கைக்குத் தெரியாது.

"தண்ணி ஊத்தலையா?" என்றேன்.

"அதுவா எடுத்துக்கிடும்லா அண்ணாச்சி" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கடல் எங்கன வே இருக்கு இங்கன?"

அவர் நிஜமாகவே கிழக்கே திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்திருக்க எனக்கும்தான் கண் இருந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. அண்ணன் வைக்கவில்லை.

"ஜாமாயிட்டோ?"

"ஆமாண்ணே."

"சரி விடு. அந்த ஆளத் திட்டாத. நாளைக்குக் காலையில கார் அனுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். போற வழியில வண்டியப் பாத்துட்டுப் போறேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. எஞ்சின் செத்ததற்கா, அவன் ஒருவழியாக ஒத்துக்கொண்டதற்கா என்று பிரித்துப் பார்க்கிற தெம்பு அப்போது எனக்கு இல்லை.

மறுநாள் காலையில் வந்தார்கள். மதினி மடியில் ஆஸ்பத்திரிப் பையை வைத்துக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டாள். லாரியின் படி உயரம். நானும் கார் டிரைவரும் அண்ணனைத் தாங்கித் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தோம். ஏறுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. வலது கால் முழுக்க வெள்ளைத் துணிக்கட்டு. புண் வாடையை மறைக்க மதினி அதன் மேல் பவுடர் போட்டிருந்தாள்.

கார் டிரைவர் நகர்ந்து போனார். அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். இடது கையை இறக்கி கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கை தேடவே இல்லை, எல்லாம் அததற்கு விழுந்தது. இடது கால் கிளட்சை மிதித்து விட்டது. முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சுவரும் காயப்போட்ட துணியும்தான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"ஏலே" என்றான், திரும்பாமலே. "குனிஞ்சு பாரு. காலு ஆக்சிலேட்டர் மேலயா இருக்கு?"

குனிந்து பார்த்தேன். பாதம் பெடலைத் தாண்டி, கதவோரத்தில், வெறும் தகரத்தின் மேல் இருந்தது. அவன் தொடை இறுகி இறுகித் தளர்ந்தது. தன்னால் முடிந்த மட்டும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாகக் காலில் உணர்ச்சியே இல்லை என்று நான் கேட்கவில்லை.

இரண்டு கையாலும் அந்தக் காலை எடுத்து, பெடல் மேல் வைத்து, மேலிருந்து அழுத்தினேன். கட்டுக்குள் கால் சில்லென்று இருந்தது. பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"இருக்குண்ணே" என்றேன். "மிதிச்சுக்கிட்டுதான் இருக்க."

நான் கடைசி வரைக்கும் அழுத்தினேன். பெடல் தரையைத் தொட்டது. அப்புறமும் எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்லே" என்றான் அண்ணன். "கைய எடு."