ஒத்தவாடைத் தெருவில் ஒரு மாடி

வட ஒத்தவாடைத் தெருவில் ஒரு கேட்டில் ‘மாடி வாடகைக்கு’ என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும். இங்கேயே வந்து இருந்துவிட்டால் என்ன? அந்த யோசனை வந்தது அந்த நொடியில்தான்.

ஏதோ ஒரு வீடு என்றால் இப்படித் தோன்றியிருக்காது. அப்பாவும் அம்மாவும் கல்யாணமாகி வந்து குடியிருந்த மாடி அது. அக்கா நடக்கப் பழகியது அங்கே. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாடியில் வாழாத ஒரே ஆள், குடும்பத்தில் நான்தான். சாப்பிடும்போது யாராவது ‘அங்க இருந்தப்போ’ என்று ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். தேர் வாசலைத் தாண்டும்போது தரையே அதிரும் என்பாள் அக்கா. காலையில் கோபுரத்துக் கிளிகள்தான் எழுப்பும் என்பாள். வேங்கிக்காலில் எங்களை எழுப்புவது தண்ணீர் லாரி.

ஒரு பக்கம் மட்டும் வீடுகள், எதிர்ப்பக்கம் முழுக்கக் கோயில் மதில், அதனால்தான் ஒத்தவாடை என்று பெயர் என்பார் அப்பா. இப்போது அங்கங்கே கடைகள் முளைத்துவிட்டன. ஆனால் அந்த வீட்டுக்கு நேராக இன்றும் வெறும் மதில்தான். எதிர்வீட்டுக்காரர் அண்ணாமலையார். இதைவிட என்ன வேண்டும்? என் வேலைக்கு ஒரு லேப்டாப்பும் நல்ல நெட்டும் போதும்.

அட்டையில் இருந்த எண்ணுக்கு அங்கேயே நின்று அடித்தேன்.

“நாளைக்குக் காலைல வாங்கம்மா,” என்றார் வீட்டுக்கார அம்மாள், அப்பா அம்மா காலி செய்த பிறகு அந்த வீட்டை வாங்கியவர். “யாரு முதல்ல வந்து புடிச்சிருக்குன்னு சொல்றாங்களோ அவங்களுக்குக் குடுத்துடுவேன். போன்ல சொல்லி வெக்கறதெல்லாம் நமக்கு ஆவாது.”

வீட்டில் சொன்னதும் அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சொந்த வீடு இருக்கும்போது அதே ஊர்ல வாடகை வீடா? ஊரே சிரிக்கும்டி.”

“சிரிச்சுட்டுப் போவட்டும்.”

“தண்ணிக்கு நான் பட்ட பாடு உனக்கு இன்னா தெரியும்? தெருக்குழாய்ல புடிச்சு மாடிக்கு ஏத்தணும். பௌர்ணமி வந்தா வாசல்ல கால் வெக்க முடியாது. கூட்டம் ஜாஸ்தி, காத்து கம்மி.”

“அப்புறம் ஏம்மா எப்பப் பாத்தாலும் அந்த வீட்டுப் பேச்சே பேசறே?”

அம்மா கரண்டியை எடுத்துத் தோசையைத் திருப்பிப் போட்டாள். ஆனால் மறுநாள் காலையில் நான் தலை வாரி முடிப்பதற்குள் புடவை கட்டி, பூ வைத்து, வாசலில் நின்றாள். “உன்னைத் தனியா அனுப்பினா, குழாய்ல தண்ணி வருதான்னுகூட கேக்க மாட்டே.”

முதலில் சாமி கும்பிட, கிழக்கே ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை விட்டோம். வீடு அங்கிருந்து பக்கம்: வலது கைப் பக்கம் திரும்பி, மதில் முனையைத் தாண்டினால் வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தைக் கும்பிட்டோம். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டோம். இடது கைப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தோம்.

இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களின் கால் அப்படி. மலையோ கோயிலோ, அது நம் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். கும்பிட்டு நிமிர்ந்தால் கால் தானாக வலம் வரத் தொடங்கிவிடும்.

அம்மா வேறு பேச ஆரம்பித்துவிட்டாள். தெற்கு மதிலோரம் ஒரு கடையைக் காட்டி, அங்கேதான் அக்கா ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றதையும் கழற்றி எறிந்தாள் என்றாள். மேற்கே பேகோபுரத் தெருவில் சத்தம் குறைந்தது. வீடுகளின் தலைக்கு மேலே மலை, எட்டித் தொடலாம் போல நின்றது. ஒரு வீட்டுப் பால்கனியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன. ஒருவர் பல் துலக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டார். இவ்வளவு பெரிய மதிலின் நிழலில் இவர்கள் எவ்வளவு சாதாரணமாக வாழ்கிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மேஜையை எந்த ஜன்னலோரம் போடுவது, தீபத்தன்று யார் யாரை மாடிக்குக் கூப்பிடுவது என்று மனசுக்குள் குடியேறியே விட்டேன்.

வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்தருகே வந்தபோதுதான் அம்மா சட்டென்று நின்றாள்.

“அடியே, அந்தப் பக்கம் திரும்பியிருந்தா அப்பவே வந்திருக்கலாமேடி!”

நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வேகமாக நடந்தோம்.

கேட்டில் அட்டை இல்லை.

“அடடா, இப்பதாம்மா முடிஞ்சுது,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “கலெக்டர் ஆபீசுக்கு மாத்தலாகி வந்திருக்காராம் ஒருத்தரு. வேங்கிக்கால்லயே பாத்தா ஆபீசு பக்கமாச்சேன்னு கேட்டேன். இல்ல, கோயில் பக்கம்தான் வேணும்னாரு. அட்வான்சும் குடுத்துட்டாரு. ஆமா, நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க?”

“கோபுரத்தாண்ட வண்டிய உட்டுட்டு… சுத்திக்கினு வந்தோம்,” என்றாள் அம்மா.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “நானா இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். அவரு வெளியூரு. நேரா வந்துட்டாரு.”

யாரைக் கோபித்துக்கொள்வது? “ஒரே ஒரு தடவை மேல போய்ப் பாக்கலாமாங்க?” என்று கேட்டேன்.

படி செங்குத்தாக இருந்தது. மேலே இரண்டு அறைகள், புதுச் சுண்ணாம்பு வாசனை. ஓடிப்போய் முன்ஜன்னலைத் திறந்தேன். மலை தெரியும் என்று அக்கா சொல்லியிருந்தாள். தெரியவில்லை. மதில்தான், ஜன்னல் முழுக்க. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. காலை வெயிலில் கல்லின் நிறம் மெல்ல மாறியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை நாள் முழுக்கப் பார்க்கப்போவது வேறு யாரோ.

அம்மா என் பக்கத்தில் வரவில்லை. பின்னறையில், முன்பு அடுப்பு இருந்த மூலையில் நின்று சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கீழே இறங்கியதும், நான் செருப்பை மாட்டுவதற்குள், அவளே கேட்டாள்.

“இந்தத் தெருவுல வேற எங்கனா மாடி காலியானா சொல்றீங்களா? பொண்ணு ஆசைப்படறா.”

“தெருவுல எதுவும் இல்லம்மா. பேகோபுரத் தெருவுல என் நாத்தனாரு வீடு இருக்குது. பின்கட்டுல ஒரே ரூம்பு. மதிலும் தெரியாது, தேரும் தெரியாது. அதுல இருக்கறவங்க மார்கழி பொறக்கறதுக்குள்ள காலி பண்றேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா எங்க நாத்தனாரு லேசுல யாருக்கும் குடுக்க மாட்டா.”

வீடு திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, அந்தப் பின்கட்டில் தண்ணீர் எப்படி என்று நான் கேட்கவில்லையே என்று அம்மா குறைபட்டாள். வெள்ளிக்கிழமை அந்த நாத்தனார் வீட்டில் இருப்பாராம். லேப்டாப்போடு போகப்போகிறேன். அந்தத் தெருவின் எந்தச் சத்தம் பின்கட்டுக்குள் வரும் என்று தெரியாது. வாடகைக்குத் தருகிறாரோ இல்லையோ, ஒரு பகல் பொழுது அங்கே ஓரமாக உட்கார்ந்து வேலை செய்துகொள்கிறேன் என்று முதலில் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.