தண்ணீர் ஊற்றுமுன் பார்க்கச் சொன்ன நஸ்மியா

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், ஊரில் யாரோ இறந்த செய்தி, வந்தால் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மௌத்தானது பெண் என்றால் எனக்கு அழைப்பு வரும். பதினெட்டு வருடமாக எங்கள் பகுதியில் பெண்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்டி வருகிறேன். அன்று அஸர் தொழுதுவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்ட பெயர் நஸ்மியா. கொழும்பில் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி, ஊருக்குக் கொண்டு வருகிறார்களாம். சிறிது நேரத்தில் அவளுடைய உம்மா தொலைபேசியில் எடுத்தார்.

"நீங்கதான் வரணும். வேற ஆரும் குளிப்பாட்டக் கூடாதெண்டு புள்ள எப்பவோ சொல்லி வெச்சிரிக்கி."

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை, ஒரே தெருவில் வளர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை ராத்தா என்று கூப்பிடுவாள்.

அவள் தடயவியலில் பட்டம் முடித்து ஊருக்கு வந்தபோது அது என்ன படிப்பு என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை. 'மையித்துப் படிப்பு', பிணத்தைப் படிக்கும் படிப்பு, என்று பெயர் வைத்தார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது ஒரு மாமி வேண்டுமென்றே கேட்டார், மையித்துப் படிப்புப் படித்த பிள்ளை சமைத்தால் யார் சாப்பிடுவது என்று. நஸ்மியா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "நான் சமைச்சத சாப்பிட்டு நீங்க மௌத்தானா, காரணத்தக் கண்டுபிடிக்கிற ஆளும் நான்தான் மாமி." சிரித்து முடிய எங்களுக்கு நேரமெடுத்தது. மாமியும் சிரித்தார்.

ஆனால் உத்தியோகம் சிரிப்பாக இருக்கவில்லை. அவள் படித்த படிப்புக்குரிய அரச ஆய்வுகூடத்தில் வெற்றிடம் வருவதே அரிது. இரண்டு தரம் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வெறுங்கையோடு வந்தாள். உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுத்தாள். பிறகு ஒரு காப்புறுதிக் கம்பனியில் சேர்ந்து, தீப்பிடித்த கடைகளையும் வாகனங்களையும் பார்த்து, தீ எங்கே தொடங்கியது என்று எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு படித்துவிட்டு எரிந்த ஓட்டோ பார்க்கிறாளாம் என்று ஊர் கதைத்தது. எனக்கும் கவலைதான். "எரிஞ்சதும் கதைக்கும் ராத்தா. கேக்கத் தெரியணும்" என்றாள்.

என் மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அவளைப் பேச அழைத்திருந்தார்கள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஒரு வாப்பா எழும்பிக் கேட்டார். மேடைக்கு வருபவர்கள் வழக்கமாக இனிப்பாகத்தான் சொல்வார்கள். அவள் தன்னோடு படித்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னாள். ஒருத்தி வங்கியில் களவுக் கையெழுத்துப் பிடிக்கிறாள். ஒருத்தி மருந்துக் கம்பனியில். ஒருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். ஒருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில். ஆய்வுகூடத்துக்குப் போனது ஒரே ஒருவர். "நான் எரிஞ்ச ஓட்டோ பாக்கிறன். இதக் கேட்டும் படிக்க ஆசையெண்டா வாங்க, விண்ணப்பம் நிரப்பித் தாறன்." கூட்டம் முடிந்ததும் இரண்டு பெண் பிள்ளைகள் அவளிடம் போய் நின்றதைக் கண்டேன்.

அவளும் எரிந்த ஓட்டோவோடு நின்றுவிடவில்லை. வார விடுமுறை வகுப்புகளுக்கு இங்கே கல்முனையிலிருந்து பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், அடுத்த பட்டமான முதுமாணிப் படிப்புப் படித்தாள். ஆய்வுக்கு எடுத்த விடயம் எங்கள் வேலை. ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது எந்தத் தடயம் அழிகிறது, குளிப்பாட்டும் கடமையும் தவறாமல் அதை எப்படிக் காப்பது என்பது. கொப்பியோடு என் குசினியில் வந்திருந்து கேட்டாள், மையித்தில் காயம் கண்டால் என்ன செய்வீர்கள் என்று.

மறைப்பேன் என்றேன். குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதைச் சொல்லும்போதே, எத்தனையோ வருடமாக உள்ளே கிடந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது. கலியாணம் முடித்து நாலு மாதமான ஒரு பிள்ளை. கிணற்றடியில் விழுந்தாள் என்றார்கள். மேல்கை இரண்டிலும் விரல் பதிந்தது போல நீலம். நான் குளிப்பாட்டினேன், கபன் துணி சுற்றினேன், வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஜனாஸாவையும் பதிந்து வைக்கும் என் கொப்பியில் அவளுடைய பெயரும் கிழமையும் மட்டும் இருக்கின்றன.

நஸ்மியா என்னை ஏசவில்லை. "குறைய மறைங்க ராத்தா. காயம் குறையில்ல. அது அவ சொல்ல ஏலாமப் போன கதை" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னை நம்ப வேண்டாம், மௌலவியிடம் கேளுங்கள் என்றும் சொன்னாள். கேட்டேன். அவர், மறைப்பது மையித்தின் மானத்துக்காக, இன்னொருவரின் ஹக்கை, அவருக்குரிய உரிமையை, புதைப்பதற்காக இல்லை என்றார்.

அடுத்த வருடம் பக்கத்து ஊரில் ஓர் இளம் மனைவி. குளியலறையில் விழுந்து மௌத்து என்றார்கள். துணியை விலக்கினால் இரண்டு அக்குளுக்குக் கீழும் அதே நீலம். என் கையில் தண்ணீர்க் கோப்பை. வெளியே ஆண்கள் அவசரப்படுத்துகிறார்கள். கோப்பையை வைத்துவிட்டு நஸ்மியாவுக்கு எடுத்தேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றுங்கள், மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள் என்றாள். நீயே சொல்லித் தா என்று கெஞ்சினேன்.

"நான் சொன்னா அது கேட்ட கதை. கண்டது நீங்க."

நானே சொன்னேன். பிரேத பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள். அடக்கம் மறுநாளுக்குப் போனது. அந்த வீட்டார் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பள்ளிவாசலில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். முடிவு வந்தபோது, மூளையில் இரத்தம் கசிந்து மயங்கி விழுந்திருக்கிறாள், நீலம் பட்டது கணவனும் அவளுடைய மூத்த சகோதரனும் தூக்கியதில் என்று தெரிந்தது. அதற்குள் ஊர் அந்தக் கணவனைக் கொலைகாரனாக்கி வைத்திருந்தது. சில மாதம் கழித்து அவனுடைய உம்மா என்னைத் தேடி வந்தார். "அண்டைக்கு உங்களச் சபிச்சன். இப்ப என்ட மகன் தலை நிமிந்து பள்ளிக்குப் போறான்" என்றார்.

இதைச் சொன்னபோது நஸ்மியா சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், கிணற்றடிப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பதில் இருந்திருக்கும், இனி அது யாருக்கும் தெரியாது என்றாள். உண்மை. அதை நான் சுமந்துகொண்டே போக வேண்டும்.

முதுமாணி முடித்து, மூன்றாவது நேர்முகப் பரீட்சையில் அந்த ஆய்வுகூடக் கதிரை அவளுக்குக் கிடைத்தது. வெள்ளை மேலங்கியோடு படம் அனுப்பினாள். பதினாலு மாதம் இருந்தாள். அல்லாஹ்வின் நாட்டம்.

தண்ணீர் ஊற்றுமுன் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று, அவளுடைய ஆய்விலிருந்து எனக்காகத் தமிழில் எழுதித் தந்த நாலு பக்கம் என்னிடம் இருக்கிறது. என் பெட்டியில் சவர்க்காரம், கற்பூரத்தோடு இப்போது காகிதப் பைகளும் இருக்கின்றன. பாடசாலையில் அவளிடம் போய் நின்ற இருவரில் ஒருத்தி தடயவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் என்னோடு வருகிறாள்.

நஸ்மியாவையும் அவள் சொன்னபடியே குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றுமுன் காதுக்குப் பின்னால், கழுத்தில், கைகளில், அக்குளில் பார்த்தேன். சேலைன் ஏற்றிய இடம் நீலமாக இருந்தது. அதன் காரணம் தெரியும். வேறு காயம் இல்லை. மற்றதெல்லாம் அவளுக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். கொப்பியில் பெயருக்கும் கிழமைக்கும் கீழே நான் கண்டதை எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.