கதை சொல்லிக்கொண்டே நடந்த அக்கா

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு உறவினர்கள் சிலர், "கல்யாணப் படம் இல்லையா? பட்டுப் புடவையில் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை?" என்று கேட்டார்கள். கிடைத்தது. ஆனால் அக்காவின் கணவரான மாமா இந்தப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார். பழவேற்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில், நூல் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, வியர்த்த முகத்தோடும் கையில் பாதி தின்ற வெள்ளரிப் பிஞ்சோடும் அக்கா நிற்கிறார். கடைசிப் பன்னிரண்டு வருடங்களில் அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் இப்படித்தான் நினைவில் இருப்பார் என்று மாமா சொன்னார். அது சரிதான்.

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை நன்கு அறிந்த உங்களிடமே அவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். காலடிப்பேட்டை உறவினர்களுக்கு மணலி புதுநகர் அக்காவைத் தெரியாது. புதுநகர்த் தோழிகளுக்கு அவருடைய இளமைக் காலம் தெரியாது. இரண்டு பக்கமும் கூட இருந்தவள் என்ற முறையில் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காலடிப்பேட்டையில். அப்பா இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா பத்தாம் வகுப்பு எழுதிய கோடையில் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அக்கா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காலர் தைக்கப் போய்விட்டார். நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தார். அதைப் பற்றி அவர் பிறகு ஒருமுறையும் பேசியதில்லை. நான் கல்லூரி முடிக்கும்வரை அந்த வேலையை விடவும் இல்லை.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஆளுக்கொரு வாரப் பத்திரிகை வாங்கி மாற்றிப் படிப்பார்கள். தொடர்கதை ஒரு வாரம் தவறிப்போனவர்களுக்கு அக்காதான் கதை சொல்வார். "நீ சொன்னா படிக்கிறதவிட நல்லா கீது" என்று அவர்கள் சொன்னதைப் பெருமையோடு வீட்டில் வந்து சொல்வார். அம்மா, "தையலப் பாருடி" என்பார்.

மாமாவைக் கைப்பிடித்து மணலி புதுநகருக்குப் போனபோது அக்காவுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. மாமாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் மிக்ஸி போடக்கூட முடியாது. மகன் பிறந்தான், வளர்ந்தான், படித்து ஓசூருக்கு வேலைக்குப் போனான். நடுவே ஒரு மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்து, கட்டில், பீரோ, தையல் இயந்திரம் எல்லாம் போயின. சில வாரங்கள் இராயபுரத்தில் என் வீட்டில் இருந்தார்கள். அப்போதுதான் அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

அக்கா தனியாக நடந்து பார்த்தார். சலிப்பாக இருந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் வலி, வர மறுத்தார். "வந்தீன்னா ஒரு கதை சொல்றேன்" என்றார் அக்கா. கிளை நூலகத்தில் எடுத்த நாவலை மதியம் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு அதை நடந்துகொண்டே சொன்னார். பூங்காவைச் சுற்றி முடிப்பதற்குள் கதை ஒரு முக்கியமான இடத்துக்கு வந்து நிற்கும். "மீதிய நாளைக்குக் கேளு." மறுநாள் ஸ்டெல்லா அக்காவுக்கு முன்பே தெருவில் நின்றார்.

அப்படித்தான் ஆள் சேர்ந்தது. ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்யும் மல்லிகா வேலை முடிந்து நேராக வந்து சேர்ந்துகொள்வார். இன்னும் சில பெண்கள் வந்தார்கள். யாராவது மெதுவாக நடந்தால் அக்கா கதையை நிறுத்திவிடுவார். "கால் நின்னா கதையும் நிக்கும்" என்பார். அதற்குப் பயந்தே எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

மாமாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "பொம்பளைங்கல்லாம் கும்பலா இன்னா ஊர்கோலமா போறீங்க? லாரி வர்ற ரோடு" என்றார். அக்கா டீயைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடுவார். பணி ஓய்வுக்குப் பிறகு மாமாவும் பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வரத் தொடங்கினார். ஒருநாள் ஸ்டெல்லா திரும்பிப் பார்த்து, "அண்ணே, பின்னாடியே வந்தா பாதிக் கதைதான் காதுல வுழும். முன்னாடி வாங்க" என்றார். அன்றிலிருந்து அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியூர். நானும் இராயபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்துகொள்வேன். மீஞ்சூரில் ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குவோம். சில சமயம் பழவேற்காடு. சில சமயம் கண்ணில் பட்ட டவுன் பஸ்ஸில் ஏறி, பெயர் பிடித்த ஊரில் இறங்கிவிடுவோம். ஏரிக்கரையில் நடப்போம். வேர்க்கடலை பிடுங்குகிற இடத்தில் நின்று பேசுவோம். நுங்கு கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். கோயில் எதுவும் பார்க்காமல் இப்படிச் சுற்றுவது அந்த ஊர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும்.

ஓர் ஊரில் மாடு ஓட்டி வந்த பெரியவர் எங்களை நிறுத்தி, "யார் வூட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"யார் வூட்டுக்கும் இல்ல நைனா. சும்மா பாக்க வந்தோம்" என்றார் அக்கா.

"எடம் வாங்கவா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்தப் பாக்க?"

அக்கா சுற்றிலும் கை காட்டினார். "இதத்தான். எங்க ஊர்ல பைப்பும் லாரியும்தான் கீது."

அவர் மாட்டை ஓரமாகக் கட்டினார். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மருமகளிடம் சொல்லி எல்லோருக்கும் மோர் கொடுக்கச் செய்தார். அந்த மருமகள் அக்காவின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்பட்டபோது ஊர் எல்லைவரை கூடவே நடந்து வந்தார். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் இந்தக் கரைமேல சும்மா நடந்ததேயில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மல்லிகாவின் அனுமதியோடு இன்னொன்றையும் எழுதுகிறேன். ஒரு மழைக்காலத்தில் மல்லிகாவின் மகள் கடுமையான காய்ச்சலில் அரசு மருத்துவமனையில் கிடந்தாள். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் தன் தங்கையைக் காவல் வைத்துவிட்டு மல்லிகா வீட்டுக்கு வந்து போவார். அந்த ஒரு மணி நேரத்தில் கூட்டத்தோடும் கொஞ்சம் நடப்பார். அப்போது அக்கா சொல்லிக்கொண்டிருந்த நாவலிலும் அதே வயதுப் பெண் ஒருத்தி நோயில் கிடந்தாள். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்ததாக அக்கா கதையை முடித்தார். சில நாட்களில் மல்லிகாவின் மகளும் குணமாகி வந்தாள்.

மல்லிகா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படிப்பது மறந்து போயிருந்தது. அக்கா எல்லோரையும் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வார். தடுமாறித் தடுமாறி, இரண்டு வருடத்தில் மல்லிகா தானே நூலகத்தில் புத்தகம் எடுக்கும் அளவுக்கு வந்தார். மகள் நோயில் கிடந்தபோது கேட்ட, தனக்கு மிகவும் பிடித்த அந்த நாவலையே முதலில் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அங்கே இருந்தபோது, புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பொண்ணு செத்துப்பூட்டாக்கா."

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எந்தப் பொண்ணுடி?"

"நீ பொழைச்சிட்டான்னு சொன்னியே, அவதான். புஸ்தகத்துல செத்துப்பூட்டா."

அக்காவின் கை நின்றது. "ஆமா. உம் பொண்ணு அங்க அப்பிடிக் கெடக்கறப்ப நான் வேற இன்னாத்த சொல்லுவேன்?"

"நான் இன்னா கொழந்தையா? நீ சொன்னத நம்பித்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரில போயி சோறு துன்னேன். அது பொய்யா?"

"உம் பொண்ணு வந்துட்டா இல்ல?"

"வந்துட்டா. வராம பூட்டிருந்தா நீ இன்னா சொல்லிருப்ப?"

மல்லிகா புத்தகத்தைக் கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் நடக்க வரவில்லை. அந்த வாரம் அக்கா கதை எதுவும் சொல்லவில்லை என்று ஸ்டெல்லா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு ஒரு மாலை மல்லிகா வந்து சேர்ந்துகொண்டு, "மாத்துனா மாத்துனேன்னு சொல்லிடு. அவ்ளோதான்" என்றார். அதன்பின் ஒவ்வொரு நாவல் முடியும்போதும் அக்கா, "இது புஸ்தகத்துல இருக்கறது. எனக்குப் புடிச்சது வேற ஒண்ணு கீது. எது வேணும்?" என்று கேட்பார். இரண்டும் வேண்டும் என்பார்கள்.

நோய் சிறுநீரகத்தைத் தொட்டபின் வாரந்தோறும் டயாலிசிஸ் என்றானது. அக்காவால் பூங்காவரை நடக்க முடியவில்லை. கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்று மாமா கேட்டார். ஸ்டெல்லா வேறு வழி சொன்னார். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் அந்தத் தெருவிலேயே முனைக்கு முனை நடந்தார்கள். அவரைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நகரும். அடுத்த துண்டைக் கேட்பதற்காகவே எல்லோரும் வேகமாகத் திரும்பி வந்தார்கள். தெருவில் இருந்த சிறுவர்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று கேட்டார்கள்.

குரல் தளர்ந்தபோது மல்லிகா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். தவறாக வாசித்தால் அக்கா விரலை மட்டும் தூக்குவார்.

ஒரு பிற்பகலில், மருத்துவமனையில், மாமாவும் நானும் மகனும் அருகில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். பெரிதாக எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அன்று காலை என்னிடம், "சாப்டியா?" என்று கேட்டது மட்டும்தான்.

நோயுற்றிருந்த காலத்தில் பொறுமையோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நேரம் பாராமல் வண்டி ஓட்டிய ஆட்டோ ஓட்டுநருக்கும், ரத்தம் கொடுத்த மாமாவின் பழைய தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சமைக்க ஆளில்லாத நாட்களில் சோறு அனுப்பிய புதுநகர் வீடுகளுக்கும், காலடிப்பேட்டையிலிருந்து முறை வைத்து வந்து துணைக்கிருந்த சித்தி மக்களுக்கும் நன்றி. ஸ்டெல்லாவுக்கும் மல்லிகாவுக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

மாமா இப்போது மதியத்தில் அத்தியாயம் படிக்கிறார், மாலையில் சொல்கிறார். அக்கா அளவுக்கு வரவில்லை என்று மல்லிகா முகத்துக்கு நேராகவே சொல்கிறார். சண்டைக் காட்சிகளை மட்டும் மாமா நன்றாகச் சொல்கிறாராம்.

திதிக்கு வரும் உறவினர்கள் சாப்பிட்டதும் உடனே கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும். நடக்க முடிந்தவர்கள் எங்களோடு பூங்காவரை வாருங்கள். புதிய நாவல் அன்றுதான் தொடங்குகிறது.