கோளாறு அந்தப் பக்கம்

அலுவலகத்தில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். வாடிக்கையாளர் குறையைச் சொல்லி முடிக்குமுன் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். கணினி உதவி மையத்தில் பதினோரு வருடம். தினம் நாற்பது பேரின் புலம்பலைக் கேட்ட காதுக்கு ஓய்வு வேண்டுமென்று, வீட்டில் பாட்டு, படம் எதுவும் போடமாட்டார்.

நாளெல்லாம் பேசும் அந்த மனிதருக்குப் பேச ஆள் என்று இருந்தது வெளியூரில் இருக்கும் அக்கா மட்டுந்தான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கணினியில் அழைப்பாள். அந்த அரைமணிக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வார். இடுப்புக்குக் கீழே கிழிந்த அரைக்கால்சட்டை. அது திரையில் தெரியாது.

ஒரு ஞாயிறு அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

“உன் மைக் ஆஃப்ல இருக்கு பாருக்கா. ரீஸ்டார்ட் பண்ணு.”

பண்ணினாள். பயனில்லை. தன் தொழிலின் முதல் பாடத்தில் அவருக்கு அசையாத நம்பிக்கை: கோளாறு எப்போதும் எதிர்முனையில்தான் இருக்கும். பாவம், அவள் புது மைக்கே வாங்கினாள். அடுத்த வாரமும் ஊமைப்படம். மூன்றாம் வாரம் திரையில் எழுத்து வந்தது: “விடுடா. இனிமே போன்ல மெசேஜ் போட்டுக்கலாம். இதோட என்னால மல்லுக்கட்ட முடியல.”

மெசேஜ் என்றால் அவள் ‘சாப்பிட்டியா’ என்பாள், இவர் ‘ஆச்சு’ என்பார். அதோடு அந்த வாரம் தீர்ந்தது. அது அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உதவி மையத்துக்கு ஒரு பெரியவர் அழைத்தார்.

“தம்பி, மாப்பிள்ளை பேசுறது கேக்கல. அவரு கம்ப்யூட்டர்தான் ஓட்டைன்னு நாலு நாளா திட்டிக்கிட்டு இருக்கேன்.”

“உங்க கம்ப்யூட்டர்ல அப்டேட் எப்ப வந்துச்சு சார்?”

“அதுவும் நாலு நாளாச்சு.”

“அப்ப அவரைத் திட்டாதீங்க. அப்டேட் வந்தா சில சமயம் சத்தத்தை மானிட்டருக்குத் திருப்பி விட்டுரும். உங்க மானிட்டர்ல ஸ்பீக்கர் இருக்கா?”

“இல்லையே!”

“இல்லாத ஸ்பீக்கர்ல உங்க மாப்பிள்ளை பேசிக்கிட்டு...”

நிறுத்தினார். தன் வீட்டு மானிட்டரிலும் ஸ்பீக்கர் கிடையாது. அங்கே அப்டேட் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

“தம்பி? இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். செட்டிங்ஸ்ல போய்ச் சத்தத்தைப் பழைய ஸ்பீக்கருக்கே மாத்துங்க. அப்புறம்... மாப்பிள்ளைகிட்ட மன்னிப்பு கேட்டுருங்க.”

கடைசி வரி மையத்தின் கையேட்டில் இல்லாதது.

வீடு போய்ச் சேர்ந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். இரண்டு கிளிக், வேலை முடிந்தது. பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவரே அக்காவை அழைத்தார்.

“என்னடா, இன்னைக்குச் செவ்வாக்கிழமதானே? உடம்பு சரியில்லையா?”

அறை முழுக்க அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. கோளாறு என் பக்கம்.”

“அப்ப நான் வாங்கின மைக்கு?”

“அருமையா இருக்கு. கரகரப்பே இல்ல.”

“ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற மூஞ்சியப் பாரு!” சிரித்தாள். “சரி, அடுப்புல வேலை கெடக்கு. வைக்கவா?”

“வைக்காதக்கா. பேச வேணாம். அப்படியே ஓடட்டும்.”

அவள் மடிக்கணினியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். திரையில் ஒரு சுவரும் பாதிக் குழாயும்தான் தெரிந்தன. தண்ணீர் விழுந்தது, எங்கோ ஒரு மூடி உருண்டு ஓய்ந்தது. காதுக்கு ஓய்வு கேட்கும் மனிதர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.