மூசையில் மிஞ்சிய துரு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். ஃபெரிக் குளோரைடு கலந்து கருத்து நிற்கும் குடுவையில் மூலப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுவது அவள் வேலை. அவள் வேகத்தைப் பார்த்தால் நத்தைக்கே கொட்டாவி வரும். ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் நடுவில் ஒரு சம்பந்தத்தையே பேசி முடித்துவிடலாம். அந்த இரும்பு உப்பு எலக்ட்ரானைப் பிடுங்கப் பிடுங்க, மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாக நீண்டு பாலிமராகும். அவசரப்பட்டால் எதிலும் கரையாத கட்டிதான் மிஞ்சும். அவள் செய்த பாலிமரோ குளோரோஃபார்மில் சர்க்கரை மாதிரி கரையும். அதைக் கண்ணாடியில் பூசி மின்சாரம் பாய்ச்சலாம்.

கூடத்தின் தலைவி அவளுடைய நாத்தனார். வீட்டில் அழைப்பது போலவே இங்கேயும் சொட்டக்காவை அண்ணி என்றுதான் அழைப்பாள். நாத்தனாரின் வாய்க்குப் பயந்து அமிலப் புட்டிகளே மூடியை இறுக்கிக்கொள்ளும்.

இந்த முறை செய்த பாலிமரில் பழையதைவிட நூறு மடங்கு மின்சாரம் பாய்ந்தது. வேறு ஊரில் இவர்களோடு சேர்ந்து ஆராயும் கூட்டாளிக் குழுவுக்குப் போன வாரமே சேதி போய்விட்டது. முழு அறிக்கை இன்று நண்பகலில் போகவேண்டும். "அண்ணி, இது மட்டும் வெளிய போகட்டும், உலகமே நம்ம வாசல்ல வரிசையில நிக்கும்!" என்று காலையிலேயே குதித்தாள் நாத்தனார்.

பாலைக் காய்ச்சுமுன் முகர்ந்து பார்ப்பதுபோல, சொட்டக்கா எப்போதும் கடைசியில் ஒரு சிட்டிகையை மூசை என்கிற சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எரித்துப் பார்ப்பாள். சுத்தமான பாலிமர் எரிந்தால் பீங்கானில் ஒன்றும் மிஞ்சாது. மூடியைத் திறந்தாள். அடியில் செக்கச்செவேலென்று துரு. மூசை அழுக்கு என்று நினைத்து வேறொன்றில் எரித்தாள். துரு. மூன்றாவதிலும் துரு!

செய்து முடித்ததும் சூடான மெத்தனாலால் இரும்பைக் கழுவி எடுக்கவேண்டும். வடிகிற மெத்தனால் நிறமில்லாமல் வரும்வரை கழுவவேண்டும். நிறமில்லாமல் வந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் அவள். கடைசியாக வடிந்ததைப் பத்திரப்படுத்தியிருந்த புட்டியோடு வெளித் தாழ்வாரத்துக்கு ஓடினாள். பகல் வெளிச்சத்தில் அது பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. வெளிச்சம் பட்டால் பாலிமர் கெடும் என்று போன மாதம் நாத்தனார் கழுவும் அறையின் சன்னலிலும் விளக்கிலும் மஞ்சள் தாள் ஒட்டச் சொல்லியிருந்தாள். அந்த மஞ்சளில் இந்த மஞ்சள் எப்படித் தெரியும்? பாய்ந்த மின்சாரம் பாலிமரின் சாமர்த்தியமல்ல, உள்ளே ஒளிந்த இரும்பின் கைங்கரியம்.

மூசையைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. மணி பதினொன்றே முக்கால். அவள் மூசையோடு நாத்தனாரின் அறைக்குள் போனாள்.

"என்ன அண்ணி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"பேயா இருந்தா உன் வாய்க்குப் பயந்து அதுவே ஓடியிருக்கும். இது இரும்பு."

"இருபத்திரண்டு வருஷமா கழுவுறீங்க, கலர் தெரியலையா?"

"வெளியில வந்து நீயே பாரு."

தாழ்வாரத்தில் புட்டியைத் தூக்கிப் பார்த்த நாத்தனாரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்படி ஒரு காட்சியைக் குடும்பத்தில் எவரும் கண்டதில்லை.

அறிக்கை நின்றது. தாழ்வாரத்திலேயே மேசை போட்டு, சாயங்காலம்வரை மெத்தனாலும் அமோனியாவுமாகக் கழுவினார்கள். மறுபடி பூசி அளந்தார்கள். நூறு மடங்கு எங்கே, பழைய பாலிமரில் பாதிகூட இல்லை.

நாத்தனார் கூட்டாளிக் குழுவுக்குக் கடிதம் எழுதி சொட்டக்காவிடம் நீட்டினாள். தன் தலை உருண்டிருக்கும் என்று நினைத்தே சொட்டக்கா படித்தாள். 'அளவீடு தவறு. கழுவும் அறையின் வெளிச்சத்தை மாற்றச் சொன்னவள் நான். தவறு என்னுடையது.'

தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்துவிட்டுக் கடிகாரத்தைத் திட்டியவள் நாத்தனார்! சொட்டக்கா அவசரமாக அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாடி?"

"கையை எடுங்க அண்ணி, அமோனியா நாறுது."