வெயில் புகாத துணி

வெள்ளைத் துணி வெயிலைத் தடுக்கும் என்று நம்பி ஒரு கோடை முழுக்க ஏமாந்தேன். துவைத்துத் துவைத்து நைந்துபோன வெள்ளைக் காட்டன் சுடிதார், தலைக்கு மேல் குடை. அப்படியும் தோளிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பியது. அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் என் சுடிதாரின் கைப்பகுதியை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கொசுவலைம்மா" என்றார். மெல்லிய வெள்ளைத் துணிக்குள் வெயில் தாராளமாகப் போகுமாம். நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், அடர்ந்த நிறம் வேண்டும், முழுக்கை வேண்டும், கழுத்து மூட வேண்டும். நான் சரி என்றேன். அந்த நாட்களில் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு லூபஸ். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வியாதி. வெயில் பட்டால் அதற்குக் கொண்டாட்டம். வியாதி வருவதற்கு முன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லாத வெட்டவெளி. வேலையை விட்டேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியைத் தவிர வெளியே போவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாரும் என்னைப் பகலில் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டரிடம் நானாகக் கேட்டது ஒரே கேள்விதான். என் பெண்ணுக்கும் வருமா?

"வரணும்னு இல்ல. குடும்பத்துல இருந்தா கொஞ்சம் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க."

அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னேன். டிரெய்லர் ஓட்டுகிறவர், ஊரில் யாருக்கும் அஞ்சாதவர். "வாய வச்சிகினு சும்மா இரு" என்று சீறினார். பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

போன தை மாதம் மகளின் டியூஷன் சென்டரில் பழவேற்காட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிறாள். விடியற்காலையில் வேன், ஏரியில் படகு, பிறகு மணல்திட்டில் நடை, சாயங்காலம் வீடு. மற்ற அம்மாக்கள் என்ன சோறு கட்டலாம் என்று யோசித்திருப்பார்கள். எனக்கு வெயில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே இருந்து விழுவது போதாதென்று, தண்ணீரிலும் மணலிலும் பட்டு அது கீழே இருந்தும் ஏறி வரும். தொப்பியால் அதைத் தடுக்க முடியாது.

இருட்டியதும் அவளை இழுத்துக்கொண்டு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். எம்.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். தை மாத விடியலில் ஏரிக்காற்று குளிரும். கொஞ்ச நேரத்திலேயே கொளுத்த ஆரம்பித்துவிடும். தடிமனாக ஒரே உடுப்பு என்றால் குளிருக்கு ஆகும், வெயில் ஏறியதும் புழுங்குகிறது என்று கழற்றி வீசிவிடுவாள். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற மாதிரி எடுத்தேன். உள்ளே, வியர்வையை இழுக்க ஒரு பனியன் துணி டி-ஷர்ட். அதன்மேல் கருநீல முழுக்கைச் சட்டை, ஆம்பிளைகள் பிரிவில் ஒரு சைஸ் பெரிதாக, உள்ளே காற்று ஓட. எல்லாவற்றுக்கும் மேல் ஜிப் வைத்த ஸ்வெட்டர். குளிர் விட்டதும் கழற்ற வேண்டியது அந்த ஸ்வெட்டர் மட்டும்தான்.

ஒவ்வொரு சட்டையையும் உள்ளே கையை விட்டு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். விரல் தெரிந்தால் வேண்டாம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, கள்ள நோட்டா செக் பண்ணிகினு கீற? சட்டைம்மா அது."

"வெயில் உள்ள பூருதான்னு பாக்கறேன்."

"நல்லா பாரு. பொழுது போனப்புறம் வந்து வெயிலத் தேடற மொத ஆளு நீதாம்மா."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் இறங்கியதும் வெடித்தாள்.

"எல்லாரும் டி-ஷர்ட் போட்டுகினு வருவாளுங்க. நான் மட்டும் பார்சல் மாதிரி போவணுமா? வியாதி உனக்குத்தானம்மா? எனக்கா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "போட்டுக்கினா போ. இல்லன்னா வூட்ல கெட" என்றேன். குரல் உயரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை.

சொன்னபடியே உடுத்திக்கொண்டு போனாள். அகல விளிம்புத் தொப்பி, மூக்குவரை மூட ஒரு துப்பட்டா, ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் மாட்டுகிற கையுறை. முகத்துக்கு சன்ஸ்கிரீன் தடவி விட்டேன். விறைத்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்கப் பதறிக்கிடந்தேன் என்று எழுதினால் அது பொய். திரை போட்ட அறையில் உட்கார்ந்து, இப்போது படகில் இருப்பாள், இப்போது மணலில் இருப்பாள் என்று யாரோ வீட்டுப் பிள்ளையைப் பற்றி நினைப்பதுபோல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். சட்டை உடம்பில் இருந்தது. தொப்பியும் துப்பட்டாவும் பைக்குள் இருந்தன. இரண்டு கன்னமும், நடுவே மூக்குத் தண்டும் செக்கச் செவேல் என்றிருந்தன. எனக்கு முதன்முதலில் வந்ததும் அதே இடத்தில்தான்.

"போட்டோ எடுக்கக் கழட்டினேம்மா. அப்புறம் மாட்டல."

குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அவள் முகத்தில் வைத்தேன். வைத்துக்கொண்டே, டாக்டர் என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு உண்டு என்பதை. ஏன் இந்தச் சட்டை, ஏன் இந்தப் பாடு என்பதை. அவள் துணிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் டாக்டரிடமே கூட்டிப்போனோம். கன்னத்தை அழுத்திப் பார்த்தார், மூட்டு வலிக்கிறதா, முடி கொட்டுகிறதா என்று விசாரித்தார். வெயில் சுட்டதுதான் போலிருக்கிறது, எதற்கும் ரத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்றார். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சிவப்பு வடிந்து மூக்கில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. கணவர் மட்டும் கண்ட கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டார். நான் சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன். அவளும் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள்.

முடிவை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "இருந்தாதான் இன்னா. உன்ன மாதிரி உள்ளயே கெடந்துட்டுப் போறேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, மழை வருமா என்று கேட்டால் வந்தால் வரட்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டில் நாள் முழுக்க நான் பேசுகிற குரல் அது. ரத்தத்தில் வராதது இந்த வழியில் வந்து அவளுக்குள் உட்கார்ந்திருந்தது.

"அப்டிச் சொல்லாதடி!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. "சொல்லாத! இன்னொரு தடவ சொன்னா அறைஞ்சிடுவேன்!" கத்தி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை.

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு முகம் கோணியது.

"பயமா இருந்துச்சும்மா" என்றாள். "நீ சொன்னதிலேர்ந்து பயமாவே இருந்துச்சு."

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுத மாதிரி, மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். நான் தேற்றவில்லை. என்னைப்போல் மரத்துப்போகாமல் அவளுக்கு இன்னும் வலிக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.